பொங்கல் விழாவுக்குப் பட்டமும் காத்தாடியும்: கையால் செய்யும் அலங்காரம்

எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைப்பது என்று முதன்முதலாக முடிவானபோது, அலங்காரத்துக்கு என்ன தீம் என்ற கேள்வி வந்தது. யாரோ "காத்தாடி" என்றார்கள். நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த ஞாயிறு காகிதமும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நூல் கட்டிப் பறக்கவிடும் பட்டத்தை மனதில் வைத்திருந்தார்கள். தெற்கே மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஓலைக் காத்தாடியை நினைத்திருந்தார்கள். மூன்றாவது மாடிப் பெரியவர், "சீலிங் ஃபேனைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றார். சண்டை வேண்டாம் என்று முதல் இரண்டையும் வைத்துக்கொண்டோம். தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் அவ்வளவு பொருத்தமான தீம் அதற்குப் பிறகு எங்களுக்கு அமையவில்லை.

இதுவரை கையால் அலங்காரம் செய்து பழக்கமே இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல், பசை, கூடவே அவசரப்படாத நாலைந்து பேர் இருந்தால் போதும். பொங்கலுக்குச் சொல்வதையே அளவைக் குறைத்துப் பிறந்தநாளுக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் செய்துகொள்ளலாம்.

தீம் சின்னதாக இருக்கட்டும்

பொங்கல் என்றதும் பத்துப் பேரில் எட்டுப் பேர் "கிராமம்" என்று தீம் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கிராமம் என்றால் கூரை வீடு வேண்டும், கிணறு வேண்டும், மாட்டு வண்டி வேண்டும், மாடு வேண்டும். அட்டையில் மாடு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் அரைகுறையாக ஒரு கிணறும், நாய் போல ஒரு மாடும் நிற்கும்.

உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைத் தீமாக எடுங்கள். பட்டம், காத்தாடி, மீன், குடை, விசிறி, எதுவானாலும் சரி. ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்டால் நூறு செய்யலாம் என்று இருக்க வேண்டும். நூறு பட்டம் ஒன்றாகத் தொங்கினால் பார்க்கிறவர்களுக்குத் திருவிழா. விதவிதமாக நூறு பொருள் தொங்கினால் ஃபேன்சி ஸ்டோர்.

நிறமும் அப்படித்தான். மூன்றுக்கு மேல் வேண்டாம். நாங்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை எடுத்தோம். பச்சையைக் கரும்புச் சோகையும் மாவிலையும் வாழையிலையுமே பார்த்துக்கொள்ளும், அதற்குத் தனியாகக் காகிதம் வாங்குவது வீண்.

பட்டத்துக்கும் பொங்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்றுதான் கடற்கரையில் பட்டத் திருவிழா நடக்கிறது. ஆள் உயரத்துக்கும் பெரிதாக, கப்பல் போலவும் பறவை போலவும் பட்டம் கட்டி ஏற்றுவார்கள். கேட்பவர்களுக்கு அதைச் சொல்லுங்கள், அடங்கிவிடுவார்கள்.

காகிதம் வாங்கும் முன் இடத்தை அளந்துவிடுங்கள்

இந்த வேலையை யாரும் செய்வதில்லை. நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். வாசல் கேட்டில் விருந்தாளி போல நின்று பாருங்கள். கண் எங்கே போகிறது? எங்களுக்கு மூன்று இடம் தெரிந்தது: கேட், பொங்கல் பானைக்குப் பின்னால் இருக்கும் சுவர், அப்புறம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் இடம். கடைசியாகச் சொன்னதில்தான் ஜனங்கள் அதிக நேரம் நிற்கிறார்கள், ஆனால் அங்கே யாரும் எதையும் கட்டுவதில்லை. இந்த மூன்றை மட்டும் அலங்கரித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள். பொங்கலன்று தரையைக் கோலம் பார்த்துக்கொள்ளும்.

கயிறு கட்ட எங்கே கொக்கி இருக்கிறது, எங்கே தூண் இருக்கிறது, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு எத்தனை மீட்டர் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பி, கேபிள் வயர் போகும் இடத்தைத் தாளில் சிவப்பில் கோடு போட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் எதுவும் கட்டக்கூடாது. ஜிகினா சரம் கட்டவே கட்டாதீர்கள், அதில் உலோகப் பூச்சு இருக்கிறது.

என்ன வாங்கலாம், என்ன கூடாது

வாங்க வேண்டியவை: கலர் சார்ட், பட்டத்துக்கான மெல்லிய கைட் பேப்பர், பருத்தி ட்வைன் நூல் அல்லது மெல்லிய சணல், குண்டூசி, பாசிமணி, மைதா. பழைய செய்தித்தாளும் தென்னந்துடைப்பமும் வீட்டிலேயே இருக்கும். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். தெரு முழுக்கக் காகிதக் கடைதான், மொத்தமாக வாங்கினால் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையைவிட மலிவாகக் கிடைக்கும்.

தெர்மாகோல் வேண்டாம். நான் அழகுக்காகச் சொல்லவில்லை, சட்டம் அப்படி. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அலங்காரத் தெர்மாகோலுக்கும், பிளாஸ்டிக் கொடிக்கும், பலூனைச் செருகும் பிளாஸ்டிக் குச்சிக்கும் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் கொடி அந்தப் பட்டியலிலும் இருந்தது. கடைகளில் இன்றும் இவை தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பசையைக் காய்ச்சிக்கொள்வது சுலபம். ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற நாலு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடுங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் பசையில் வேண்டாம். இரண்டு நாளுக்குள் தீர்கிற அளவு மட்டும் காய்ச்சுங்கள், மூன்றாம் நாள் நாறும். மெல்லிய கைட் பேப்பருக்கு மைதாப் பசை போல வேறு எதுவும் ஒத்துவராது. சார்ட்டுக்கு ஃபெவிகால் நல்லது.

கொடித் தோரணம்

முதலில் இதைத் தொடங்குங்கள். எளிது, கை பழகும், இரண்டு மணி நேரத்திலேயே கண்ணுக்கு ஏதோ நடந்திருப்பது தெரியும். புதியவர்களுக்கு அந்தத் தெம்பு தேவை.

ஒரு சார்ட் 56 சென்டிமீட்டர் அகலம், 71 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நீளவாக்கில் 18 சென்டிமீட்டர் அகலத்துக்கு மூன்று பட்டையாக வெட்டுங்கள். கெட்டி அட்டையில், அடி 15, உயரம் 18 சென்டிமீட்டரில் ஒரு முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் மாதிரி. இந்த மாதிரி அட்டையைப் பட்டையின் மேல் நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்துக் கோடு போட்டால், ஒரு பட்டையில் எட்டு முக்கோணம் வரும். சார்ட்டுக்கு 24. எல்லா முக்கோணத்தையும் ஒரே பக்கம் பார்த்து வரைந்தால் பாதிக் காகிதம் குப்பைக்குப் போகும். எங்கள் முதல் இரண்டு சார்ட் அப்படித்தான் போயிற்று.

முக்கோணத்தின் அடிப்பக்கம்தான் கொடிக்கு மேல்பக்கம். அங்கே இரண்டு சென்டிமீட்டரை நூலின் மேல் மடித்து ஒட்ட வேண்டும். மடித்ததும் இரண்டு ஓரமும் காது போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நறுக்கிவிடுங்கள். இப்போது கொடியின் அகலம் 13 சென்டிமீட்டர் சொச்சம். நடுவில் ஏழு விட்டால் மீட்டருக்கு ஐந்து கொடி. பத்து மீட்டர்த் தோரணத்துக்கு 50 கொடி, அதாவது இரண்டு சார்ட்டும் கூட ஒரு துண்டும். நாங்கள் பத்து மீட்டரில் ஆறு தோரணம் கட்டினோம். கணக்குப்படி பதின்மூன்று சார்ட் போதும், பதினைந்து வாங்கினோம், சரியாக இருந்தது.

ஒட்டும்போது நூலைத் தரையில் போட்டு ஒட்டாதீர்கள். இரண்டு நாற்காலியின் முதுகில் விறைப்பாகக் கட்டி, இருபது சென்டிமீட்டருக்கு ஒரு பேனாப் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு கொடி என்று மாட்டிக்கொண்டே போங்கள். நைலான் கயிறு வேண்டாம். அது வழுக்கும். பசை பிடிக்காமல், முதல் காற்றுக்கே ஐம்பது கொடியும் ஒரு மூலையில் போய்க் கும்பலாக நிற்கும். பருத்தி நூல் பசையை உறிஞ்சிக்கொள்ளும், கொடி நகராது.

எவ்வளவு நூல் வெட்டுவது என்பதில் எல்லோருக்கும் ஒரு பயம். வளைந்து தொங்க வேண்டுமே என்று பத்து மீட்டர் இடைவெளிக்குப் பதின்மூன்று மீட்டர் வெட்டுவார்கள். பிறகு அது தலையில் இடிக்கும். நடுவில் ஒரு மீட்டர் இறங்கித் தொங்க வேண்டும் என்றாலும் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். முடிச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் வெறும் நூலாக விடுங்கள்.

பட்டம்

பட்டத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் உண்மையான கைட் பேப்பரில் வெளிச்சம் ஊடுருவும்போது வரும் அழகு அட்டையில் வராது. காலை வெயில் பின்னாலிருந்து விழும் இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டால் காகிதம் விளக்கேற்றியது போல இருக்கும். அதனால் நிஜப் பட்டமாகவே கட்டுங்கள்.

காகிதத்தை 40 சென்டிமீட்டருக்கு 40 சதுரமாக வெட்டுங்கள். ஒரு மூலை மேலே வருகிற மாதிரி திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் நடுவே 56 சென்டிமீட்டர் இருக்கும், அங்கே நேராக ஒரு குச்சி. அடுத்தது வில் குச்சி. இடது மூலையில் தொடங்கி, மேலே வளைந்து, வலது மூலையில் முடிய வேண்டும். இது வளைவதால் 63 அல்லது 64 சென்டிமீட்டர் தேவை.

குச்சிக்கு மூங்கில் சிம்பு சீவத் தெரிந்தவர் இருந்தால் உத்தமம். எங்களிடம் இல்லை. தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவினோம். ஈர்க்கு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து இருப்பதால், வளைத்தால் மெலிந்த பக்கமே வளையும், பட்டம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். இதற்கு வழி சொன்னவர் அந்த மூன்றாவது மாடிப் பெரியவர்தான். இரண்டு ஈர்க்கை எடுத்து, ஒன்றின் அடியும் மற்றதன் நுனியும் சேர்கிற மாதிரி எதிரெதிராக வைத்து, மூன்று நான்கு இடத்தில் நூலால் சுற்றிக் கட்டச் சொன்னார். கட்டியதும் இரண்டு பக்கமும் சீராக வளைந்தது. காய்ந்த ஈர்க்கு வளைக்கும்போது ஒடிகிறதென்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

நேர்க் குச்சியை முதலில் ஒட்டுங்கள். குச்சியில் பசை தடவி வைத்தால் நிற்காது. அதன் மேல் இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதத் துண்டுகளை நாலு இடத்தில் குறுக்கே ஒட்ட வேண்டும், காயத்துக்குப் பிளாஸ்திரி போடுவது போல. வில் குச்சியின் இரண்டு முனையையும் இதே மாதிரி மூலையில் பிடித்து ஒட்டி, இரண்டு குச்சியும் சந்திக்கும் இடத்தில் நூலால் ஒரு முடிச்சு. காயும் வரை மேலே புத்தகம் ஏதாவது வையுங்கள். வாலுக்குப் பழைய சேலைக் கிழிசல் போதும். ஒரு முழ நூலில் சின்னச் சின்ன வில்லாக முடிந்து கட்டினால் காற்றில் ஆடும்.

பட்டத்தில் எழுத்து

"பொங்கலோ பொங்கல்" என்று சுவரில் வர வேண்டும், எழுத்துக்கு ஒரு பட்டம். எட்டு எழுத்து, எட்டுப் பட்டம். சுலபம் என்று நினைத்தோம்.

தமிழ் எழுத்தை வெட்டி ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "க" ஒரே வடிவம். "பொ" அப்படியா? கொம்பு, ப, கால் என்று மூன்று வடிவம் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். "லோ"வும் அதே கதை. எட்டு எழுத்துக்கு மொத்தம் பதினான்கு வடிவம். எங்கள் வீட்டுப் பையன் முதலில் "க"வைப் பட்டம் நிறைய, ஆசையாகப் பெரிதாக வெட்டிவிட்டான். அதே உயரத்தில் "பொ" வெட்டினால் கொம்பு பட்டத்துக்கு வெளியே போகிறது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம்.

ஆகவே, முதலில் "பொ"வை வெட்டுங்கள். பட்டத்தின் நடுவில் அது இடிக்காமல் உட்காரும் உயரம் எதுவோ அதுவே எல்லா எழுத்துக்கும் உயரம். 40 சென்டிமீட்டர்ச் சதுரத்துக்கு எங்களுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வந்தது. கைட் பேப்பரில் பெயின்ட் அடித்து எழுதினால் ஊறிப் பரவும், கறுப்பு சார்ட்டில் வெட்டி ஒட்டுவதே நல்லது. புள்ளிகளுக்குத் தண்ணீர் பாட்டில் மூடியை வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள், மூன்று வேண்டும். ஒரு ஆண்டு "ல்" புள்ளி விழுந்து யாரும் பார்க்காமல், நாள் முழுக்க "பொங்கலோ பொங்கல" என்று தொங்கியது. ஃபோட்டோவில்தான் பார்த்தோம். புள்ளி சின்னது என்று பசையைச் சிக்கனமாகத் தடவாதீர்கள்.

காத்தாடி

பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு செய்வது இதைத்தான். அதனால் இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கும்.

சார்ட்டை 15 சென்டிமீட்டர்ச் சதுரமாக வெட்டுங்கள், ஒரு சார்ட்டில் பன்னிரண்டு வரும். இரண்டு பக்கமும் நிறம் உள்ள காகிதமாகப் பார்த்து வாங்கியிருந்தால் நல்லது. மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். நடுப்புள்ளியைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் கோட்டின் மேல் வெட்டிக்கொண்டு வாருங்கள். அதைத் தாண்டி வெட்டிவிட்டால் காத்தாடி நாலு துண்டு. இப்போது எட்டு நுனி இருக்கும். ஒன்று விட்டு ஒன்று எடுத்து நடுவுக்கு மடக்குங்கள். மடக்க வேண்டும், நகத்தால் அழுத்தி மடிக்கக் கூடாது. காகிதம் உப்பிக்கொண்டு நின்றால்தான் காற்று பிடிக்கும்.

குண்டூசியில் முதலில் ஒரு பாசிமணி, அதன் பின்னால் நாலு நுனி, நடுப்புள்ளி, அதற்கும் பின்னால் இன்னொரு பாசிமணி, கடைசியில் குச்சி. அந்த இரண்டாவது மணிதான் உயிர். அது இல்லாவிட்டால் காகிதம் குச்சியில் உரசி நின்றுவிடும். இரண்டாவது மணி போடாமல் நாற்பது காத்தாடி செய்துவிட்டு, ஏன் ஒன்றுகூடச் சுற்றவில்லை என்று அரை நாள் மண்டையைக் குடைந்தோம்.

குச்சிக்குச் செய்தித்தாளை மூலையிலிருந்து இறுக்கமாக உருட்டி ஒட்டினால் போதும், ஆச்சரியப்படும் அளவு உறுதியாக இருக்கும். கோணி ஊசியால் ஓட்டை போட்டுக் குண்டூசியைச் செருகி, பின்னால் நீட்டும் முனையைக் குறடால் வளைத்து, மேலே டேப் சுற்றுங்கள். ஊசி முனையை வளைத்து டேப் சுற்றும் வேலை பெரியவர்களுடையது, அதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். செய்து முடித்த ஒவ்வொன்றையும் ஊதிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் ஓட்டை இறுக்கமாக இருக்கும், பென்சில் முனையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும்.

இவற்றைச் சுவரோரம் வைத்துப் பிரயோஜனமில்லை. கேட்டின் மேல், காற்று வரும் பக்கம் முகம் பார்த்து வரிசையாகக் கட்டுங்கள்.

பனையோலை கிடைத்தால் ஒரு நாலைந்தாவது ஓலைக் காத்தாடி செய்துவிடுங்கள். விரல் அகலத்தில் இரண்டு ஓலை நறுக்கைக் கூட்டல் குறியாக வைத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் மறுமுனையைக் காம்பில் செருகுவார்கள். ஓலையின் நுனிகளைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் ஓடும்போது சுற்றும். இதைச் செய்து காட்ட ஒரு பாட்டியைக் கூப்பிட்டோம், ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து பாட்டிகள் வந்துவிட்டார்கள். முள் எந்தப் பக்கம் குத்துவது என்பதில் ஐந்து பேருக்கும் ஐந்து கருத்து.

பானைக்குப் பின்னால் வானம்

பட்டம் பறக்க வானம் வேண்டும். பேனர் அடிக்காமல் இரண்டு பழைய எட்டு முழ வேட்டியில் வானம் செய்தோம். ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாக விட்டு, வேட்டியைச் சுருட்டிக் கசக்கி அப்படியே முக்கி எடுத்தோம். சீராக நனைக்காதீர்கள், திட்டுத்திட்டாகப் பிடித்தால்தான் மேகம் போல வரும். நல்ல வேட்டியில் இந்தப் பரீட்சை வேண்டாம். எத்தனை முறை துவைத்தாலும் முழுக்கப் போகும் என்று நான் உறுதி தர மாட்டேன்.

சவுக்குக் கம்பு ஒன்றைக் குறுக்கே கட்டி, வேட்டியை அதன் மேல் பாதியாக மடித்துப் போட்டால் ஆறடி உயரத்துக்குத் தொங்கும். இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் அகலம் எட்டடிக்கு வரும். நாலு பேர் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போதும். எழுத்துப் பட்டங்களைக் கம்புக்கு மேலே சுவரில் ஒரு வரிசையாகத் தொங்கவிட்டு, எழுத்தில்லாத சின்னப் பட்டங்களை மட்டும் துணியில் ஊசி நூலால் இரண்டு தையல் போட்டுப் பிடியுங்கள். குண்டூசி வேண்டாம், பிள்ளைகள் வந்து சாய்வார்கள்.

ஒரு விஷயம் முக்கியம். பொங்கல் அடுப்புக்கும் இந்தத் துணிக்கும் நடுவே பத்தடியாவது இருக்கட்டும். பொங்கும்போது எல்லோரும் முண்டியடிப்பார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாது. அடுப்புக்கு நேர் மேலே தோரணம் கட்டவே கூடாது. ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குருத்தோலையும் மாவிலையும்

கேட்டுக்கு மாவிலையும் கரும்பும் போதும். குருத்தோலைத் தோரணம் பின்னத் தெரிந்தவர் இருந்தால் விடாதீர்கள், ஆனால் முதல் நாள் மாலைக்கு முன் பின்ன வேண்டாம், வாடிச் சுருண்டுவிடும். பின்னியதை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். ஓலையைக் குருவி வடிவில் மடித்துத் தோரணத்தில் விடுவதுண்டு, இலங்கைத் தமிழர்களிடம் அந்தக் குருவி எண்ணிக்கைக்குக் கணக்கு உண்டு: நாலு குருவி இருந்தால் மங்கலம், மூன்று இருந்தால் துக்க வீட்டுத் தோரணம். எங்கள் ஊரில் அப்படிக் கிடையாது என்று விட்டுவிடாமல், கட்டுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

யார் எதைச் செய்வது, எப்போது

டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை வரும். வெட்டுகிற வேலை எல்லாம் அப்போதே முடியட்டும். பள்ளி திறந்துவிட்டால் உங்களுக்கு ஆள் கிடைக்காது. ஐந்து வயதுக் குழந்தை கொடியை மடிக்கலாம், எட்டு வயதில் நேர்க்கோட்டில் வெட்டலாம். எழுத்து வெட்டுவதும் குச்சி கட்டுவதும் பெரியவர்களுக்கு. ஒருவரே ஒரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்ய வேண்டாம். ஒருவர் கோடு போட, ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க என்று பந்தி பரிமாறுவது போல வரிசையாக உட்கார்ந்தால் முந்நூறு கொடி ஒரே மதியத்தில் முடிந்துவிடும். மாதிரி அட்டை மட்டும் ஒருவர் கையிலேயே இருக்கட்டும். வெட்டிய கொடியையே அடுத்த கொடிக்கு மாதிரியாக வைத்து வெட்டினால், முப்பதாவது கொடி முதல் கொடிக்கு அண்ணன் போல இருக்கும்.

கட்டுகிற நாள்

முதல் ஆண்டு எங்கள் கஷ்டமெல்லாம் இங்கேதான் வந்தது. போகி அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டினோம். கேட் சுவரில் சிவப்புக் க்ரேப் பேப்பரில் திரிகள் செய்து தொங்கவிட்டிருந்தோம், பார்க்கப் பிரமாதமாக இருந்தது. விடியற்காலை பனி இறங்கியது. மழை அல்ல, வெறும் பனி. காலையில் வந்து பார்த்தால் திரியிலிருந்து சாயம் வழிந்து, வெள்ளைச் சுவர் நெடுகச் சிவப்புக் கோடு. கீழே போட்டிருந்த கோலத்திலும் சொட்டியிருந்தது. பண்டிகை நாளில் வாசலில் ரத்தம் வடிந்தது போல ஒரு காட்சி. பொங்கல் வைப்பதற்கு முன்னால் நாங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம்.

க்ரேப் பேப்பர் நனைந்தால் சாயம் போகும், அதைக் கூரைக்கு அடியில் மட்டும் கட்டுங்கள். திறந்தவெளியில் சார்ட்டும் துணியும்தான். கைட் பேப்பரும் பனிக்குத் தொய்ந்துவிடும், அதனால் பட்டங்களை மட்டும் காலை ஆறு மணிக்கு மேல் மாட்டுங்கள். கயிற்றை முதல் நாளே கட்டி, கொக்கி மட்டும் போட்டு வைத்திருந்தால் மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

ஏணியில் ஒருவர் ஏறினால் ஒருவர் பிடிக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கும் முன் செயலாளரைக் கேட்டுவிடுங்கள், பிறகு வரும் பேச்சு அலங்காரத்தைவிடப் பெரிதாக இருக்கும். செல்லோ டேப் பெயின்ட்டைப் பெயர்த்துக்கொண்டு வரும், பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் வாங்குங்கள். தோரணத்தை ஒரு பக்கம் இறுக்கிக் கட்டிவிட்டு, மறுபக்கம் அவிழ்க்கக்கூடிய முடிச்சாகப் போடுங்கள். காற்று பலமாக அடித்தால் ஒரு பக்கம் தளர்த்திவிடலாம்.

கழற்றும்போது

அன்று மாலையே கழற்றுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தை முடியும் வரை தொங்கும். தோரணத்தை அட்டையில் நூல் சுற்றுவது போலச் சுற்றி, காய்ந்த வேப்பிலை இரண்டு போட்டுப் பெட்டியில் வைத்தால் அடுத்து வரும் சுதந்திர தினத்துக்கோ பிறந்தநாளுக்கோ ஆகும். மைதாப் பசையில் ஒட்டியதை வைத்துக்கொள்ள வேண்டாம், பூச்சி வரும்.

எங்கள் பட்டங்களைப் பெட்டியில் வைக்க வேண்டிய வேலையே வரவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் அவற்றைக் கழற்றிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார்கள். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் சூத்திரம், அதாவது பறக்கவிடும் நூலை மாட்டுவதற்கான கட்டு, கட்டிக் கொடுத்தார். சாதாரணப் பருத்தி நூல் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். மாஞ்சா எத்தனையோ பேரின் கழுத்தை அறுத்திருக்கிறது, நைலான் மாஞ்சாவுக்கு 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை போட்டிருக்கிறது. எழுத்து ஒட்டிய பட்டங்கள் கனத்தில் எழும்பவே இல்லை. "பொ"வும் "லோ"வும் கைப்பிடிச் சுவரைக்கூடத் தாண்டவில்லை. ஒரு "க" மட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய்க் கொஞ்ச நேரம் நின்றது.